காத்திருப்பதா, தூண்டுவதா?

பெண்ணுக்குப் பிரசவம் மறுபிறப்பு என்பது நம் முன்னோர் வாக்கு. கருவுற்ற பெண் பத்துத் திங்கள் சுமக்கிறாள் என்றும் அவர்கள் கணக்கிட்டனர். திங்களுக்கு இருபத்தெட்டு நாளெனக் கொண்டால், பத்துத் திங்கள் 280 நாளாகும். மேனாட்டு வைத்திய நூல்கள் கூறும் கணக்கும் அதுவே. ஆனால் எல்லாக் குழந்தைகளும் இக்கணக்கின்படி பிறப்பதில்லை. குறித்த நாள் வந்து போகும், வலி வராது. ஒரு நாள் இரண்டாகும். ஒரு வாரம் இரண்டு வாரமாகும். அப்பொழுது அந்த வீட்டில் ஒரு வினா எழுகிறது: இயற்கை தன் வேலையைத் தொடங்கும்வரை காத்திருப்பதா, அல்லது மருந்தாலோ கையாலோ வலியைத் தூண்டுவதா?

இவ்வினா இன்று எழுந்த ஒன்றன்று. இதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவே ஓர் அரண்மனைத் துயரம் நிற்கிறது. அத்துயரம் ஒரு தாயையும் ஒரு சேயையும் ஒரு வைத்தியரையும் பலிகொண்டது. இங்கிலாந்தின் முடி செல்லவேண்டிய வழியையே மாற்றியது. நேயர்கள் அதனை அறிந்துகொள்வது பயனுடையது. ஏனெனில், அங்கே தவறியது அன்பன்று, அக்கறையுமன்று. தவறியது தீர்மானம்.

இங்கிலாந்தில் மூன்றாம் ஜோர்ஜ் மன்னர் அரசுகட்டிலில் இருந்த காலம் அது. மன்னர் மனநோயுற்றிருந்தமையால் அவருடைய மூத்த மகன் இராசப் பிரதிநிதியாக ஆட்சி நடத்தினார். மன்னருக்குப் பிள்ளைகள் பலர் இருந்தனர்; ஆயினும் முறைப்படி முடிக்குரிய பேரப்பிள்ளை ஒருத்திதான் இருந்தாள். அவளே இராசப் பிரதிநிதியின் ஏக புத்திரியாகிய சார்லற் இளவரசி. 1796 ஆம் ஆண்டு சனவரி மாதம் 7 ஆந் திகதி பிறந்தவள். தந்தையும் தாயும் பகைத்துப் பிரிந்து வாழ்ந்த வீட்டில் வளர்ந்தவள். தந்தையை வெறுத்த மக்கள் மகளைத் தங்கள் வருங்கால அரசியாகக் கருதிப் போற்றினர். 1816 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி சக்ஸ்-கோபேர்க் நாட்டு இளவரசரான லியபோல்ட் அவளை மணந்தார். இருவரும் சறே மாகாணத்தில் ஈஷர் என்னும் ஊருக்கருகேயுள்ள கிளெயர்மொன்ற் மாளிகையில் குடியேறினர். அவளுக்கு இனிய இல்வாழ்வு முதன்முதலாக அங்கேதான் கிட்டியது.

1817 ஆம் ஆண்டில் இளவரசி கருவுற்றிருக்கிறாள் என்ற செய்தி வெளியானபோது நாடே மகிழ்ந்தது. பிரசவம் பார்க்கும் பொறுப்பைச் சேர் றிச்சாட் குறொவ்ற் ஏற்றார். அக்காலத்து இலண்டனில் பிரபுக்கள் வீட்டுப் பிரசவங்களுக்கு அவரே பெயர்பெற்றவர். அவருக்குத் துணையாக மத்தேயு பெயிலி என்னும் பேர்பெற்ற வைத்தியர் நியமிக்கப்பட்டார். லியபோல்டின் சொந்த வைத்தியரான ஸ்ரொக்மாரையும் அழைத்தனர். அவரோ, தாம் அந்நியர் என்பதாலும், கேடு நேர்ந்தால் பழி தம்மேல் விழுமென அஞ்சியதாலும், பொறுப்பேற்க மறுத்துவிட்டார். கர்ப்பகாலத்தில் இளவரசியின் உணவு குறைக்கப்பட்டது. பலமுறை இரத்தமும் வடிக்கப்பட்டது. இன்று இதைக் கேட்பவர் திடுக்கிடுவர். அன்றோ, குழந்தை மிகப் பெரிதாக வளராதிருக்கவும் தாயின் உடல் தணிந்திருக்கவும் இதுவே வழியெனக் கற்றவர்கள் நம்பினர்.

பிரசவம் ஒற்றோபர் 19 ஆந் திகதியளவில் நிகழுமென எதிர்பார்க்கப்பட்டது. அந்த நாள் வந்தது, போயிற்று. ஒற்றோபர் மாதமும் முடிந்தது. குறித்த நாளுக்கு இரண்டு வாரமும் ஒரு நாளும் கழிந்தபின், நவம்பர் 3 ஆந் திகதி திங்கட்கிழமை மாலை ஏழு மணியளவில் பன்னீர்க்குடம் உடைந்து வலி கண்டது. இன்றைய கணக்கிற் சொன்னால் அது நாற்பத்திரண்டு வாரங்களைக் கடந்த கர்ப்பம். இக்காலத்து வைத்தியசாலையொன்றில் அத்தகைய தாய் இருந்திருந்தால், அந்நாளுக்கு முன்னரே வலியைத் தூண்டுவது பற்றி வைத்தியர்கள் அவளோடு பேசியிருப்பர். 1817 இல் அவ்வாறு பேச யாருக்கும் தோன்றவில்லை.

வலி தொடங்கியது, ஆயினும் வேகம் பெறவில்லை. மறுநாள் முற்பகலிலும் கருப்பை வாய் ஒரு வெள்ளி நாணயத்தின் அளவுக்கே திறந்திருந்தது. அது முழுவதுந் திறப்பதற்கு இருபத்தாறு மணி நேரஞ் சென்றது. தாமதத்தைக் கண்ட குறொவ்ற், ஜோன் சிம்ஸ் என்னும் மூன்றாவது வைத்தியருக்கு ஆளனுப்பினார். சிம்ஸ் புதன்கிழமை அதிகாலை இரண்டு மணியளவில் வந்துசேர்ந்தார். புதிய முகத்தைக் கண்டால் இளவரசி கலங்குவாள் என்று கருதியமையால், அவர் பிரசவ அறைக்குள் நுழையவேயில்லை. நோயாளியைக் காணாமலே அவரிடம் ஆலோசனை கேட்கப்பட்டது. இயற்கையின் போக்கிலேயே விடலாம் என அவரும் இசைந்தார். குழந்தையின் தலையைப் பற்றி வெளியே கொணரும் இடுக்கி மாளிகையில் ஆயத்தமாகவே இருந்தது. அதனை யாரும் எடுக்கவில்லை. புதன்கிழமை நண்பகலளவில் கரும்பச்சை நிற நீர் கசியத் தொடங்கியது. குழந்தைக்கு ஆபத்து என்பதற்கு அது ஓர் அறிகுறி. அப்பொழுதும் காத்திருந்தனர்.

கருப்பை வாய் முழுவதுந் திறந்தபின் மேலும் இருபத்து நான்கு மணி நேரங் கழிந்தது. நவம்பர் 5 ஆந் திகதி இரவு ஒன்பது மணிக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. ஒன்பது இறாத்தல் நிறை, அழகிய உருவம், ஆனால் உயிரில்லை. வலி கண்டதிலிருந்து அதுவரை ஐம்பது மணி நேரம். நஞ்சுக்கொடி தானாக வெளிப்படவில்லை. குறொவ்ற் கையால் அதனை எடுக்க நேர்ந்தது. குருதியும் பெருகியது. இளவரசி துயரைப் பொறுமையோடு தாங்கினாள். சிறிது உணவும் கொண்டாள். ஆனால் நள்ளிரவளவில் குமட்டலும் காதிரைச்சலும் தோன்றின, மூச்சு முட்டியது, நாடி தளர்ந்தது. நவம்பர் 6 ஆந் திகதி அதிகாலை இரண்டரை மணியளவில் அவள் உயிர் பிரிந்தது. அவளுக்கு வயது இருபத்தொன்று.

மக்கள் தத்தம் வீட்டில் நேர்ந்த சாவுபோல் அழுதனர். கடைகளிற் கறுப்புத் துணி விற்றுத் தீர்ந்தது. தாயும் சேயும் வின்ட்சர் மாளிகையின் சென். ஜோர்ஜ் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டனர். துக்கம் தணியத் தணியக் கேள்வி எழுந்தது. வைத்தியர் ஏன் வாளாவிருந்தார்? கருவி கையில் இருந்தும் ஏன் எடுக்கவில்லை?

இதற்கு விடை காணவேண்டுமாயின், குறொவ்ற் எந்தப் பள்ளியில் வளர்ந்தவர் என்பதைப் பார்த்தல் வேண்டும். குழந்தையைப் பற்றி எடுக்கும் இடுக்கி பதினேழாம் நூற்றாண்டில் சேம்பர்லின் என்ற குடும்பத்தாரின் இரகசியச் சொத்தாக இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அது பலர் கைக்கும் வந்தது. வரவே, தேர்ச்சியில்லாதவர்களும் பொறுமையில்லாதவர்களும் அதைத் தேவையற்ற இடத்திலும் பிரயோகித்தனர். தாய்மார் சிதைந்தனர், குழந்தைகள் மாண்டன. இக்கொடுமையைக் கண்டு நல்ல வைத்தியர்கள் எதிர்த்தெழுந்தனர். அவர்களுட் தலையாயவர் வில்லியம் ஹன்ரர். தாம் அதனைப் பயன்படுத்துவதில்லை என்பதற்குச் சான்றாகத் துருவேறிய தம் இடுக்கியை மாணவர்களுக்குக் காட்டுவாராம். இந்த ஹன்ரரின் மருமகனே, அதாவது உடன்பிறந்தாளின் மகனே, இளவரசியின் வைத்தியருள் ஒருவரான பெயிலி.

ஹன்ரருக்குப்பின் இலண்டனில் இத்துறையின் ஆசானாக விளங்கியவர் தோமஸ் டென்மன். அவர் எழுதிய பிரசவ நூல் வைத்தியர் பலருக்கு வேதம்போல் விளங்கியது. இடுக்கியைப் பற்றி அவர் ஒரு விதி வகுத்தார்: குழந்தையின் தலை கீழிறங்கிப் பிறப்புவாயிலின் அடித்தசையில் ஆறு மணி நேரம் தங்கியிருந்தாலன்றி அதனை எடுத்தலாகாது என்பதே அவ்விதி. டென்மனுக்கு இரட்டைப் பெண்மக்கள் இருந்தனர். ஒருத்தியைப் பெயிலி மணந்தார். மற்றவளை மணந்தவர் குறொவ்ற். ஆகவே கிளெயர்மொன்ற் மாளிகையில் இளவரசியின் அருகே நின்றவர், தம் மாமனாரின் விதியை எழுத்துப் பிசகாது காத்துநின்ற மருமகனே. டென்மன் 1815 இல் மறைந்துவிட்டார். ஆசான் உயிரோடிருந்தால் விதியின் பொருளை விளக்கியிருக்கலாம். மறைந்தபின் எஞ்சியது எழுத்து மாத்திரமே.

ஆனால் அதே டென்மனின் நூலில் மற்றொரு செய்தியும் உண்டு. 1756 ஆம் ஆண்டில் இலண்டனின் தலைசிறந்த வைத்தியர்கள் ஒன்றுகூடி ஒரு வினாவை ஆராய்ந்தனர் என அவர் பதிவுசெய்துள்ளார். சில பெண்களின் இடுப்பெலும்புக் கூடு, இளமையில் வந்த எலும்புநோயால் ஒடுங்கியிருக்கும். நிறைமாதக் குழந்தை அவ்வழியே வர இயலாது. தாயைக் காக்கக் குழந்தையைச் சிதைத்தே எடுக்க நேரும். இத்தகையோருக்குக் குழந்தை சிறிதாயிருக்கும்போதே, காலத்துக்கு முன் வலியைத் தூண்டிப் பிரசவிக்கச் செய்வது அறமாகுமா? பயன் தருமா? இதுவே அவர்கள் முன் நின்ற வினா. அறமே, பயனும் தரும் என அவர்கள் முடிவு செய்தனர். விரைவில் மக்கோலே என்னும் வைத்தியர் அவ்வாறு செய்து வெற்றியுங் கண்டார். பன்னீர்க்குடத்தை வேண்டுமென்றே உடைத்துவிடுவதே அன்று அறிந்த முறை.

நேயர்கள் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். அந்த வைத்தியர்கள் முதலிற் கேட்டது எப்படிச் செய்வது என்பதன்று. செய்யத் தகுமா என்பதே. பிரான்சில் இவ்வினாவுக்கு வேறு விடை கிடைத்தது. பாரிஸ் வைத்தியக் கழகம் 1827 இல் இம்முறையை எந்நிலையிலும் ஏற்கவியலாதெனக் கூறிற்று. ஸ்ராஸ்பூர்க் நகரில் ஸ்ரோல்ஸ் என்பவர் 1831 இல் இதனைச் செய்து காட்டிய பின்னரே அங்கு மனம் மாறத் தொடங்கியது. ஒரே அறிவு, ஒரே காலம், ஆயினும் கால்வாய்க்கு இப்புறம் தருமம், அப்புறம் குற்றம்!

அப்படியானால், 1817 இல் குறொவ்ற் வலியைத் தூண்டியிருக்கலாமே என்று கேட்கலாம். அவ்வாறு கேட்பது அவருக்கு நீதி செய்வதாகாது. தூண்டும் முறை அன்று ஒடுங்கிய இடுப்புக்கென வகுக்கப்பட்டது. நாள் கடந்த கர்ப்பத்துக்கு அது மருந்தெனக் கருதப்படவில்லை. நாள் கடக்கக் கடக்க நஞ்சுக்கொடியின் வலிமை குன்றலாம், குழந்தைக்கு ஆபத்துக் கூடலாம் என்ற உண்மையை நிறுவுவதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் வேண்டியிருந்தது. மருந்தும் நம்பத்தக்கதாக இருக்கவில்லை. றை முதலிய தானியக் கதிரில் உண்டாகும் எர்கொற் என்னும் பூஞ்சணத்தின் பொடியை 1808 இல் அமெரிக்க வைத்தியர் ஜோன் ஸ்ரேர்ண்ஸ் பிரசவத்தை விரைவாக்கும் பொடியெனப் புகழ்ந்தெழுதினார். அது கருப்பையை விடாது இறுக்கிக் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. பின்னர், இதனைப் பிறப்புப் பொடியென்பதிலும் இறப்புப் பொடியென்பதே தகுமென டேவிட் ஹொசாக் என்ற வைத்தியர் எச்சரித்தார்.

குறொவ்ற் மீது சுமத்தத்தக்க குறை வேறொன்று. விதி பொதுவானது, நோயாளி தனியானவள். பிரசவம் முன்னேறாமல் நின்றபோதும், பச்சை நீர் கசிந்தபோதும், அந்த அறிகுறிகளைவிட ஏட்டிலுள்ள விதியே அவருக்குப் பெரிதாய்த் தோன்றியது. அவசரக்காரரின் கையைக் கட்டுவதற்கு எழுதப்பட்ட விதி, நிதானமானவரின் கையையும் கட்டிவிட்டது. அன்றியும், கண்டு பேசாத ஒருவரிடம் ஆலோசனை கேட்பது ஆலோசனையாகுமா? உண்மையில், மாளிகையில் மூன்று வைத்தியர் இருந்தும் தீர்மானித்தவர் ஒருவரே. அவரும் தீர்மானியாமையையே தீர்மானமாகக் கொண்டார்.

இராசப் பிரதிநிதி குறொவ்ற் மீது குறை சொல்லவில்லை. அவருடைய கவனத்துக்கும் திறமைக்கும் நன்றியே தெரிவித்தார். ஆனால் பத்திரிகைகளும் மக்களும் விடவில்லை. அவருடைய மனமும் அவரை விடவில்லை. 1818 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 13 ஆந் திகதி, வேறொரு சீமாட்டியின் கடினமான பிரசவத்துக்காக அவ்வீட்டிலே தங்கியிருந்தபோது, அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். 1951 இல் சேர் ஏட்லி ஹொலன்ட் என்னும் பிரசவ வைத்திய அறிஞர் இச்சரித்திரத்தை ஆராய்ந்து, இதனை மும்மடங்குத் துயரமெனப் பெயரிட்டார். தாய், சேய், வைத்தியர் என மூவர் மாண்டமையே அப்பெயருக்குக் காரணம்.

முடியின் கதையும் மாறியது. வாரிசில்லாது போன அரச குடும்பத்தில், முதிர்ந்த வயதுடைய இளவரசர்கள் விரைந்து மணமுடித்தனர். கென்ற் கோமகன் 1818 இல் லியபோல்டின் சகோதரியையே மணந்தார். அவர்களுக்கு 1819 ஆம் ஆண்டு மே மாதம் 24 ஆந் திகதி பிறந்த மகளே விக்டோரியா. 1837 முதல் 1901 வரை இலங்கை உட்பட ஒரு பேரரசையே ஆண்ட அந்த மகாராணி, கிளெயர்மொன்ற் மாளிகையில் நேர்ந்த சாவினாலேயே பிறக்க நேர்ந்தவர் என்று கூறினும் மிகையன்று. மனைவியை இழந்த லியபோல்டோ 1831 இல் பெல்ஜிய மக்களின் முதலாவது அரசரானார்.

அதன்பின் பிரசவ வைத்தியம் ஊசற்குண்டுபோல் இருபுறமும் ஆடிற்று. காத்திருந்தமை கேடு விளைத்ததென்று கண்டவர்கள் மெல்லக் கருவியின் பக்கம் சாய்ந்தனர். தூண்டும் முறைகளும் திருந்தின. 1906 இல் ஹென்றி டேல் என்னும் ஆங்கில அறிஞர், மூளையின் அடியிலுள்ள சிறு சுரப்பியின் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். அச்சாற்றின் சாரமாகிய ஒட்சிரோசினின் அமைப்பை வின்சன்ற் டு விக்னோ என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டறிந்து, ஆய்வுகூடத்தில் ஆக்கியும் காட்டினார். 1955 இல் நோபெல் பரிசும் பெற்றார். விரைந்த பிறப்பு என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து அம்மருந்தின் பெயர் வந்தது. 1968 இல் உகண்டாவின் கம்பாலா நகரில் பணிபுரிந்த சுல்தான் கரீம், புறொஸ்ரகிளண்டின் என்னும் மற்றொரு பொருளால் வலியைத் தூண்டலாமெனக் காட்டினார்.

மருந்து கைக்கு எளிதாக வந்ததும் பழைய இடுக்கியின் கதை மீண்டும் நடந்தது. 1970 களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தில் பத்துப் பிரசவங்களில் ஏறத்தாழ நான்கு தூண்டப்பட்ட வலியாலேயே நிகழ்ந்தன. வைத்தியசாலையின் வசதிக்காகத் தங்களை அவசரப்படுத்துகிறார்களோ எனத் தாய்மார் வெளிப்படையாகக் கேட்கத் தொடங்கினர். அக்கேள்வி நியாயமானது. ஒட்சிரோசின் அளவு மிஞ்சினால் கருப்பை ஓய்வின்றிச் சுருங்கும். குழந்தை மூச்சுத் திணறும். கருப்பை வாய் பழுத்து மென்மையாகுமுன் தூண்டினால் பிரசவம் நீளும். இதனை அளந்தறிய, அமெரிக்க வைத்தியர் எட்வேட் பிஷொப் 1964 இல் ஐந்து குறிகள் கொண்ட புள்ளி முறையொன்றை வகுத்திருந்தார். குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியது, கருப்பை வாய் எவ்வளவு திறந்தது, எவ்வளவு மென்மையாயிற்று என்பன போன்றவற்றைக் கணக்கிட்டே தூண்டவேண்டும் என்பது அதன் கருத்து.

பின்னர் வாதம் விட்டுச் சோதனை பிறந்தது. கனடாவில் நாற்பத்தொரு வாரம் கடந்த 3,407 பெண்களை இரு பகுதியாகப் பிரித்து ஆராய்ந்து, முடிவை 1992 இல் வெளியிட்டனர். தூண்டினால் வயிற்றைக் கீறும் சத்திரசிகிச்சை பெருகும் என்ற அச்சத்துக்கு மாறாக, தூண்டப்பட்டவர்களிடையே அது சற்றுக் குறைவாகவே இருந்தது. சுவீடனில் நிகழ்ந்து 2019 இல் வெளியான ஆய்வில், நாற்பத்திரண்டு வாரம்வரை காத்திருந்த பகுதியில் ஆறு குழந்தைகள் இறந்தன. நாற்பத்தொன்றாம் வாரத்தில் தூண்டப்பட்ட பகுதியில் ஒன்றும் இறக்கவில்லை. ஆய்வை முடிவுவரை நடத்துவது தகாதென அதனை இடையிலேயே நிறுத்தினர். நாற்பத்தொரு வாரம் நிறைந்த தாய்மாருக்கு வலியைத் தூண்டலாமென உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. ஆனால் இத்தீர்ப்புகளுக்கெல்லாம் ஓர் அடிப்படை உண்டு: வாரக் கணக்குச் சரியாயிருத்தல் வேண்டும். கணக்குத் தவறினால், முதிராத குழந்தையை நாள் கடந்ததென்று எண்ணி வெளியே கொணரவும் நேரும். கர்ப்பத்தின் தொடக்கத்திலேயே திகதியை ஒலியலைப் படத்தால் உறுதிசெய்து கொள்வதன் பயன் இதுவே.

இந்த வரலாறு கற்பிக்கும் பாடம் யாது? பொறுமை நல்லது, ஆனால் பொறுமை என்பது கண்ணை மூடிக்கொண்டிருத்தல் அன்று. துணிவு நல்லது; ஆனால் துணிவு என்பது அவசரம் அன்று. ஹன்ரர் இடுக்கியைத் துருப்பிடிக்க விட்டமைக்கும் நல்ல காரணம் இருந்தது. 1756 இல் கூடியவர்கள் தூண்டலாமென்று துணிந்தமைக்கும் நல்ல காரணம் இருந்தது. காரணத்தை மறந்து விதியை மாத்திரம் பற்றிக்கொண்ட இடத்திலேதான் கேடு நுழைந்தது.

கிளெயர்மொன்ற் மாளிகையில் செல்வம் இருந்தது; கற்றவர்கள் இருந்தனர்; கருவி இருந்தது. ஆனால் இளவரசியிடம் யாரும் எதையும் விளக்கியதாகவோ, அவள் விருப்பத்தைக் கேட்டதாகவோ வரலாற்றில் இல்லை. இன்று, நாட்கடந்த கர்ப்பத்தோடு வைத்தியசாலைக்குச் செல்லும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு, அந்த இளவரசிக்கு இல்லாத ஒரு பேறு உண்டு. எத்தனை வாரம் நிறைந்தது, காத்திருந்தால் என்ன ஆபத்து, தூண்டினால் என்ன ஆபத்து, தன் உடல் அதற்கு ஆயத்தமாயிற்றா என்று அவள் கேட்கலாம். வைத்தியரும் விடை சொல்லக் கடமைப்பட்டவர். அவ்வாறு கேட்டும் சொல்லியும் எடுக்கும் தீர்மானமே நல்ல தீர்மானம். ஓர் அரச குமாரியும் அவள் மகனும் அவளைக் காக்க முயன்றவரும் கொடுத்த விலையிலிருந்து உலகம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது அதுவே.